எங்கள் பேய்க்குப் பூ வைக்க வந்தார்கள்

நாங்கள் எடுத்த பேய்ப் பாட்டு யூட்யூபில் ஏறிய மறுநாள், பேயைப் பெண் கேட்டு முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர்கள் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார்கள். ஏற்கெனவே பேசி வைத்திருந்த வீட்டுக்காரர்களோ, இனிமேல் தாமதித்தால் பெண் கைநழுவிப் போய்விடும் என்று பயந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையே பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பேயாக நடித்த தேன்மொழி நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் எடிட்டிங் டேபிள்மேல் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"ஏண்டி ஜெனி, உன்ன நான் என்னா கேட்டேன்? பாக்குறவன் பயப்படுற மாதிரி எடுன்னு கேட்டேன். நீ என்னாடி எடுத்து வச்சிருக்க, கல்யாணப் பத்திரிகையா?"

அவள் கோபம் நியாயமானது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எழுத எனக்கு என்ன தகுதி என்றால், நான் நான்கு கல்யாண சீசன் முடித்தவள். எங்கள் ஸ்டூடியோவில் என்னைவிட சீனியர் முதலாளியும் சுவர்ப் பல்லியும்தான்.

1. எங்கள் தொழிலின் இலக்கணம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சேர்ந்தது எடிட்டராக. கூடவே கேமராவும் பிடிப்பேன். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா என்று மனிதர்கள் பட்டு உடுத்தும் எல்லா நிகழ்ச்சிக்கும் போவோம்.

எங்கள் தொழிலில் நிழல் என்பது குற்றம். பெண்ணின் மூக்குக்குக் கீழே கொஞ்சம் கருப்பாக விழுந்தால், ஆல்பம் கொடுக்கும் அன்று பெண்ணின் சித்தி அதைக் கண்டுபிடித்துவிடுவார். கேண்டிட் என்று ஒன்று உண்டு. எதேச்சையாக எடுப்பது. எதேச்சை சரியாக அமைய வேண்டும் என்பதால் எல்லோரையும் முதலில் வரிசையாக நிற்க வைத்து, "யாரும் கேமராவப் பாக்காதீங்க, தானா சிரிங்க" என்று சொல்லிவிட்டு எடுப்போம்.

இப்படியொரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, எனக்கு இருந்த பைத்தியம் பழைய பேய்ப் படங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள். கதவு தானாகத் திறக்கும், மெழுகுவர்த்தி அணையும், படிக்கட்டில் கொலுசுச் சத்தம் இறங்கி வரும், ஆளைக் காணோம். அதைப் பார்த்துவிட்டுத் தனியாக மாடியில் துணி எடுக்கப் போக முடியாமல் மழையில் நனையவிட்ட நாட்கள் உண்டு.

புதுச்சேரியில் ஒரு இசைக்குழு இருக்கிறது. பெயர் சொன்னால் இந்தக் கட்டுரைக்கும் காப்பிரைட் கிளைம் வரும். அவர்களுடைய ஒரு பாட்டு, பூட்டிய வீட்டு வாசலில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. ரசிகர்கள் வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டதுமே எனக்குள் கொலுசு இறங்க ஆரம்பித்துவிட்டது.

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கேமரா தர ஒத்துக்கொண்டார். "ஆனா நம்ம லோகோ வரணும். கடைசியில நான் பாத்து ஓகே சொல்லணும்" என்றார். லோகோதானே என்று நினைத்தேன். தவறான இடத்தில் கவனம் வைத்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

2. பேய் ஏன் ஒத்துக்கொண்டது

தேன்மொழி என் பள்ளிக்கூடத் தோழி. அவள் வீடு சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தில். அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். இவள் சிதம்பரத்தில் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தாள். ஐதராபாத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சி லேபில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதே நேரத்தில் சிதம்பரத்தில் போர்வெல் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வரனும் வந்தது. வரனை எதிர்த்து வேலை ஜெயித்ததாக அவர்கள் வீட்டில் முன்னுதாரணம் இல்லை.

அவளைப் பேயாக நடிக்கக் கேட்டபோது, யோசிக்கவே இல்லை.

"நடிக்கிறேன். ஆனா ரொம்ப பயங்கரமா இருக்கணும். மாப்பிள்ளைக்குப் பேய்னா ஆவாதாம். பேய்ப் படம் பாத்தா காய்ச்சல் வந்துடுமாம், புரோக்கரே சொன்னாரு. நான் பேயா வர்றதப் பாத்தா அவுங்களே வேணாம்னுடுவாங்க."

"அதுக்கு ஏண்டி இவ்ளோ சுத்து? அப்பாகிட்ட நேரா சொல்லேன்."

"நான் வேணாம்னு சொன்னா அதுக்குப் பேரு கொழுப்பு. அவுங்க வேணாம்னு சொன்னா அதுக்குப் பேரு விதி. எங்கப்பா விதிகூட சண்டைக்குப் போவ மாட்டாரு. 'சரி, இப்போதைக்கு வேலையப் பாரு'ன்னு விட்டுடுவாரு."

இப்படித்தான் ஒரு பெண்ணின் ஐதராபாத் எங்கள் ஸ்டூடியோவின் கையில் வந்து சேர்ந்தது. கல்யாணத்தைத் தவிர வேறு எதையும் எடுத்துப் பழக்கமில்லாத கையில்.

3. பெயிண்ட் அடித்த பாழடைந்த பங்களா

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தேன். காரை பெயர்ந்த தூண், ஒரு கீலில் தொங்கும் ஜன்னல், சுவரில் ஆலங்கன்று. கடவுள் எனக்காகவே செட் போட்டதுபோல இருந்தது. வீட்டுக்காரர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஷூட்டிங் அன்று காலை போனால், வீடு ரோஸ் கலரில் நிற்கிறது. ஜன்னலைச் சரி செய்து பச்சை அடித்திருந்தார். ஆலங்கன்றைக் காணவில்லை. வாசலில் கோலம்.

"வீடியோ எடுக்குறீங்கன்னு சொன்னீங்களேம்மா, பெயிண்ட் அடிக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர். "அப்டியே விலைக்கு வருதுன்னு கீழ ஒரு லைன் போட்டுடுங்க."

பரவாயில்லை, பகலில் எடுத்து எடிட்டிங்கில் ராத்திரியாக்கிவிடலாம், கலர் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன். புகை போடுகிற மெஷின் எங்களிடம் இருந்தது. ஆனால் கல்யாண மேடையில் ஜோடி ஆடும்போது போடும் மெஷின். அது சமர்த்தாகத் தரையோடு தவழும், ஆள் உயரத்துக்கு எழும்பாது. எனவே லைட் பிடிக்கும் பாபு அண்ணன், கடைக்குப் போய் கம்ப்யூட்டர் சாம்பிராணி வாங்கி வந்து மூலைக்கு மூலை கொளுத்தி வைத்தார். புகை பிரமாதமாக வந்தது. வாசனையும் வந்தது. எதிர் வீட்டம்மா தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு வந்து, படிக்கட்டில் தலைவிரி கோலமாக நின்ற தேன்மொழியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்த அம்மன்மா? துன்னூறு தருவீங்களா?"

"அம்மன் இல்லம்மா, பேய்" என்றேன்.

"அப்டிலாம் சொல்லக் கூடாது. எம் மருமவளுக்கு ஒடம்பு சொகமில்ல, கொஞ்சம் கைய வச்சி அனுப்பச் சொல்லு."

தேன்மொழி கையை வைத்து அனுப்பினாள். மருமகள் குணமாகிவிட்டதாக மறுநாள் தகவல் வந்தது. என் பேயின் முதல் சாதனை அது.

4. மேரி அக்காவின் கொள்கை

மேக்கப்புக்கு மேரி அக்கா. கடலூர் வட்டாரத்தில் அவர் கை படாமல் மணவறை ஏறிய பெண்கள் குறைவு. பழைய படங்களின் பேய் ஸ்டில்களை போனில் காட்டினேன். வெளுத்த முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம், காய்ந்த உதடு.

"சரி, செஞ்சிடலாம்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் தேன்மொழி வெளியே வந்தாள். ஹெச்.டி. பிரைடல் மேக்கப். கருவளையம் இருக்க வேண்டிய இடத்தில் மினுமினுப்பு.

"அக்கா, இது பேய் வேஷம்க்கா."

"பேய்தான். பேய்னா மொகம் கழுவாதா? இதப் பாரு ஜெனி, என் கை பட்ட மொகம் நல்லால்லன்னு நாளைக்கி ஒருத்தி சொல்லிடக் கூடாது. தையில எனக்கு ஃபுல் புக்கிங்."

வெள்ளைச் சேலையும் நடக்கவில்லை. "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு வெறும் வெள்ளயக் கட்டிவுட்டா அவுங்கம்மா என்னத் தொலச்சிடுவாங்க" என்று சொல்லி, ஜரிகை பார்டர் போட்ட சந்தன நிற டிஷ்யூ பட்டைக் கட்டிவிட்டார். பேய் என்றால் மல்லிகைப்பூ உண்டே என்று நான் சொன்னதை மட்டும் முழு மனதோடு ஏற்றுக்கொண்டு, இடுப்பு வரை சரம் தொங்கவிட்டார்.

பாபு அண்ணன் கதை இன்னொரு வகை. படிக்கட்டில் பாதி முகம் இருட்டில் இருக்க வேண்டும் என்று நான் பிரேம் வைப்பேன். ரெக்கார்ட் பட்டனை அமுக்கும் நேரத்தில் இருட்டுப் பாதியில் ஒரு சாஃப்ட் பாக்ஸ் லைட் வந்து நிற்கும்.

"அண்ணா, அந்தப் பக்கம் இருட்டா வேணும்ண்ணா."

"இருட்டாதான் இருக்கு. அதான் லைட்டு கொண்டாந்தேன்."

"இல்லண்ணா, பயமா இருக்கணும்."

"மொகம் தெரியலன்னா பொண்ணு வூட்டுக்காரங்க அடிப்பாங்க. அதவுட என்னா பயம் வேணும் உனக்கு?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழக்கம் அவரை நடத்தியது. தேன்மொழி கண்ணை விரித்து கேமராவை முறைக்கும் முக்கியமான ஷாட்டில், அவரையும் அறியாமல், "அப்டியே லைட்டா ஒரு ஸ்மைலு" என்று சொல்லிவிட்டார். அவளும் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். அந்த ஷாட்தான் பிறகு எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தது.

பிச்சாவரத்தில் ஒரு நாள். சதுப்புக் காட்டு நீர் வழியில், படகில் பேய் தனியாக நின்றபடி வருவதாக ஷாட். வேர்கள் இரண்டு பக்கமும் கைவிரல்போலத் தொங்க, என் மனதில் அது உலகத் தரமாக இருந்தது. படகோட்டும் மாமா அந்த வழியில் எத்தனையோ கல்யாண ஜோடிகளை ஏற்றிப்போனவர். ஒரு வளைவில் துடுப்பை நிறுத்தி, "இந்த எடத்துல ஜோடிங்க கைய இப்டி ஹார்ட்டு மாதிரி வப்பாங்க. நீயும் வையிம்மா" என்றார்.

"மாமா, நான் பேய்" என்றாள் தேன்மொழி.

"தனியாவா வந்த? மாப்பிள்ள வரலியா?"

5. முதலாளியின் கரெக்‌ஷன்

இவ்வளவுக்குப் பிறகும் எடிட்டிங்கில் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். நீலம் ஏற்றினேன். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, முகத்தில் பாதியை இருட்டு விழுங்க வைத்தேன். பழைய பிலிம்போலக் கோடும் புள்ளியும் தூவினேன். ஓரளவுக்குப் பேய் வந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்து முடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா. ஆனா டல்லா இருக்கு" என்றார்.

"பேய்ப் பாட்டு சார்."

"இருக்கட்டும்மா. நம்ம லோகோ வருதுல்ல. நாளைக்கி ஒரு பார்ட்டி பாத்துட்டு, இவனுங்க கேமராவுல இப்டித்தான் விழும்போலன்னு நெனச்சிட்டா? அந்த நீலத்த எடு. ஸ்கின் ஸ்மூத் போடு. என்ட்ரில ரோசா இதழ் எஃபெக்ட் இருக்குல்ல, அதப் போடு."

கேமரா அவருடையது, கம்ப்யூட்டர் அவருடையது, வேலையும் அவர் கொடுத்தது. பேயின்மேல் ரோசா இதழ் விழுந்தது.

வீடியோ ஏறியதும் கமெண்ட்டுகள் வந்தன. சேலை எந்தக் கடை என்று கேட்டார்கள். மேக்கப் யார் என்று கேட்டார்கள். வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். பயமாக இருந்தது என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். பிறகு பார்த்தால் அது நான்தான், இன்னொரு ஐடியிலிருந்து. மேரி அக்காவுக்கு, "ரிசப்ஷனுக்கு அந்தப் பேய் லுக் பண்ணி விடுங்க" என்று செம்மண்டலத்திலிருந்து புக்கிங் வந்தது.

சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டுச் சேதியைப் புரோக்கர் கொண்டு வந்தார். மாப்பிள்ளை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். காய்ச்சல் வரவில்லையாம். மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோல சுமாராத்தான் தெரிஞ்சுது. இதுல லட்சுமி மாதிரி இருக்கா" என்றாராம்.

தேன்மொழி ஹெல்மெட்டோடு வந்தது அன்றைக்குத்தான். அவள் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, முதலாளி உள்ளே வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார்.

"பாப்பா, உன் பூ வைக்கிற ஃபங்ஷன் ஆர்டர் நமக்கே வந்துடுச்சி. ஜெனியே வந்து எடுத்துக் குடுக்கும்."

6. கீரப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை

ஹாலில் நாற்காலி போட்டு, சுவரில் செயற்கைப் பூத்திரை மாட்டி, ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். பேயை நேரில் பார்க்கும் ஆவலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாண வீடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குச் சம்மத பைட் என்று பெயர். பூ வைப்பதற்கு முன்னால் பெண்ணின் சேலையில் காலர் மைக் குத்தி, கேமராவைப் பார்த்து "எனக்குச் சம்மதம்" என்று சிரித்தபடி சொல்ல வைப்போம். டிரெய்லரில் அதன்மேல் வயலின் போடுவோம். பெண்ணிடம் சம்மதமா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீடியோவுக்கு வேண்டும் என்பதால் நாங்கள்தான் சொல்ல வைக்கிறோம். நான் எத்தனையோ பெண்களுக்கு அந்த மைக்கைக் குத்தியிருக்கிறேன். அது ஒரு கேள்விக்கான பதில் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மைக் குத்தும்போது தேன்மொழி அதன் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எவ்ளோ தூரம் கேக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்பீக்கர்ல குடுத்திருக்கு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்கும்."

"ரீடேக் உண்டா?"

"நீ சொல்றதப் பொறுத்து."

இன்னொரு கேமராவை, எடிட்டிங்கில் வெட்டு விழும் இடங்களில் இட்டு நிரப்புவதற்காக, எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திருப்பி ஸ்டாண்டில் ஓடவிட்டிருந்தேன். முதலாளி கையை உயர்த்தினார். "பாப்பா, கேமராவப் பாத்து, சிரிச்சிக்கினே, எனக்குச் சம்மதம்னு சொல்லு."

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கு ஐதராபாத்துல வேல கெடச்சிருக்கு. நான் போறேன். இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம். உங்க மேல கோவம்லாம் இல்ல. பேயா நடிச்சா நீங்களே வேணாம்னுடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பயப்படல. அதனால நானே சொல்லிட்டேன்."

கத்தவில்லை. அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை அம்மாவின் கையிலிருந்த பூச்சரம் அந்தரத்தில் நின்றது. மிக்சர் தின்றுகொண்டிருந்த பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு குழந்தை, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, வீரிட்டு அழுதது. தேன்மொழியின் அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, கண் நிலைகுத்தி நின்றார். நல்ல பகல். பாபு அண்ணனின் லைட் முழு வெளிச்சத்தில், ஒரு துளி நிழல் இல்லை. சாம்பிராணி கொளுத்தியும் வராத ஒன்று அந்த ஹாலுக்குள் வந்து நின்றது.

முதலில் வாய் திறந்தவர் மாப்பிள்ளைதான். "அம்மா, கெளம்பலாம்" என்றார். அன்று சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் என்று புரோக்கர் சொன்னார்.

முதலாளியோடு வண்டியில் திரும்பினேன். மஞ்சக்குப்பம் வந்ததும், "அந்தக் கிளிப்ப டெலிட் பண்ணிடும்மா" என்றார். சரி சார் என்றேன். செய்யவில்லை.

7. அப்பா கேட்ட கிளிப்

அதற்குப் பிறகு சில நாட்கள் தேன்மொழியிடமிருந்து போன் இல்லை. வீட்டில் அப்பா அவளோடு பேசுவதில்லை என்று மட்டும் ஒரு மெசேஜ். ஐதராபாத் என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் அப்பா ஸ்டூடியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கடலூரில் உர கம்பெனி டீலரைப் பார்க்க வந்தாராம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அன்னிக்கி எடுத்தியே பாப்பா, அதப் போடு."

பெண் பக்கத்துக் கேமராவைப் போட்டேன். கையால் தள்ளினார். "இது எனக்குத் தெரியும். நாங்க ஒக்காந்திருந்த பக்கம்."

போட்டேன். திரையில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கேயும் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"அவ சத்தம் போட்டாளா?"

"இல்லப்பா."

"யாரயாச்சும் திட்னாளா?"

"இல்லப்பா."

"வேலைக்குப் போறேன்னா. அவ்ளோதான? அதுக்கு ஏம்மா நான் இப்டி மெரண்டு போய் நிக்கிறேன்?"

"லைட்டு கொஞ்சம் ஜாஸ்திப்பா, அதான் அப்டித் தெரியுது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வருவதற்கு முன்னால் முகம் கோணுமே, அப்படிக் கோணியது. "என் மூஞ்சிய மட்டும் அதுலேர்ந்து எடுத்துட முடியுமா?" என்றார்.

"எடுத்துடலாம்ப்பா."

மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். "வேணாம். இருக்கட்டும். அவளுக்கு அனுப்பிவை. அங்க போயி, லீவு நாள்ல போட்டுப் பாத்துச் சிரிக்கட்டும்." தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "மொதல்ல நானும் கூடப் போயி ஹாஸ்டலப் பாத்துட்டு வரணும். இந்த ஃபோன்ல டிக்கெட் எப்டிப் போடுறதுன்னு சொல்லு."

போட்டுக் கொடுத்தேன்.

இளையவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். பழைய படங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவற்றில் பேய் வருவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பேயைப் பார்க்கிறவரின் முகம். இது தெரியாமல் நான் பேய்க்குக் கருவளையம் தேடி அலைந்திருக்கிறேன். இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு கேமரா எதிரில் இருப்பவர்களுக்கு.

இன்னொன்று. சம்மத பைட்டை இப்போதும் எடுக்கிறேன். ஆனால் "சம்மதம்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, சும்மா இருக்கிறேன். பெரும்பாலான பெண்கள் சிரித்தபடி சம்மதம் என்றுதான் சொல்கிறார்கள். இருந்தாலும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் ஹாலில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

அந்த இடத்தில் நான் மியூசிக் போடுவதில்லை.